ட்விலைட் தொடர்: வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஸ்டெஃபனி மேயரின் ட்விலைட் நாவல்களைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், பாதிப் பேர் உருகுவார்கள், மீதிப் பேர் கொதிப்பார்கள். திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டு எனக்குத் தோன்றும் பதிலைச் சொல்லியிருக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த தொடர் இது. என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியாத இடங்களும் இதில் உண்டு. கடைசிப் புத்தகத்தின் முடிவு வரை எல்லாவற்றையும் பேசப் போகிறேன் என்பதால், இன்னும் படிக்காதவர்கள் முதல் இரண்டு கேள்விகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

நான் ஒன்றுமே படித்ததில்லை. கதை என்ன?

பதினேழு வயது பெல்லா ஸ்வான், வெயில் கொளுத்தும் ஃபீனிக்ஸ் நகரத்தை விட்டுவிட்டு, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஓயாமல் மழை பெய்யும் ஃபோர்க்ஸ் என்ற சிற்றூருக்கு வருகிறாள். அப்பா சார்லி அங்கே காவல்துறைத் தலைவர். அம்மா மறுமணம் செய்துகொண்டவர். புதுக் கணவரோடு அம்மா ஊர் ஊராகப் போய்வர வசதியாக இருக்கட்டும் என்று பெல்லா தானாகவே விலகி வருகிறாள்.

பள்ளியில் அவள் பக்கத்தில் உட்காரும் எட்வர்ட் கல்லன் ஒரு ரத்தக்காட்டேரி. 1901இல் பிறந்து, 1918இல் சிகாகோவில் ஸ்பானிஷ் ஃப்ளூவில் சாகக் கிடந்தபோது மாற்றப்பட்டவன். அவன் குடும்பம் மனித ரத்தத்தைத் தொடாமல் விலங்குகளை வேட்டையாடி வாழ்கிறது. ஆனால் பெல்லாவின் ரத்த வாசனை மட்டும் அவனை நிலைகுலைய வைக்கிறது. அவளைக் கொல்லத் துடிப்பவனே அவளைக் காதலிக்கவும் செய்கிறான். அப்புறம் ஜேக்கப் பிளாக் வருகிறான்: பெல்லாவின் நண்பன், ஓநாயாக உருமாறக்கூடியவன். நான்கு நாவல்களும் இந்த மூவரைச் சுற்றித்தான்.

எந்த வரிசையில் படிப்பது?

வெளிவந்த வரிசையில். ட்விலைட் (2005), நியூ மூன் (2006), எக்லிப்ஸ் (2007), பிரேக்கிங் டான் (2008). எக்லிப்ஸில் ஓரிரு பக்கங்களே வந்துபோகும் ப்ரீ டானர் என்ற சிறுமியின் கதை 2010இல் தனிக் குறுநாவலாக வந்தது. அதை எக்லிப்ஸ் முடித்த பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

2020இல் வந்த மிட்நைட் சன், முதல் நாவலின் கதையையே எட்வர்டின் பார்வையில் சொல்கிறது. அதிலிருந்து தொடங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். முதல் நாவலின் முன்பாதி முழுக்க "இவன் யார், என்னை ஏன் இப்படி முறைக்கிறான்" என்ற பெல்லாவின் குழப்பத்தில் ஓடுகிறது. விடையை முதலிலேயே தெரிந்துகொண்டால் அந்தப் பரபரப்பு கிடைக்காது.

சிலர் இதை உயிராக நினைக்கிறார்கள், சிலர் கையாலும் தொட மாட்டேன் என்கிறார்கள். ஒரே புத்தகத்துக்கு ஏன் இவ்வளவு வித்தியாசம்?

இதற்குப் பதில் கதை சொல்லப்படும் விதத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். முதல் மூன்று நாவல்களும் ஏறக்குறைய முழுக்க பெல்லாவின் வாயிலிருந்து வருபவை. அவள் பார்த்ததைத்தான் நாம் பார்க்கிறோம், அவள் மன்னித்ததை நாமும் மன்னிக்க வேண்டியிருக்கிறது. எட்வர்ட் அழகன் என்று அவள் நூறு முறை சொன்னால் நாமும் நூறு முறை கேட்கிறோம். மாற்றுக் கருத்து சொல்ல வேறு குரலே கிடையாது. அந்தத் தலைக்குள் போய் உட்கார முடிந்தவர்களுக்கு முதல் காதலின் மூச்சுமுட்டல் அப்படியே கிடைக்கிறது. உள்ளே போக முடியாதவர்கள் வெளியே நின்றபடி, ஒரு சிறுமி ஆபத்தான ஆளின் பின்னால் போவதைப் பார்க்கிறார்கள்.

நாவல் பிறந்த கதையும் இதை விளக்குகிறது. 2003 ஜூன் 2ஆம் தேதி மேயருக்கு ஒரு கனவு வந்தது. காட்டுக்கு நடுவே ஒரு புல்வெளி. ஒரு பெண்ணும் வெயிலில் மின்னும் ஒரு ரத்தக்காட்டேரியும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவளைக் காதலிப்பதும் அவள் ரத்தத்துக்கு ஏங்குவதும் ஒரே நேரத்தில் நடப்பதுதான் பேச்சு. அவர் முதலில் எழுதியது அந்தக் காட்சியைத்தான். இன்று அது நாவலின் 13ஆம் அத்தியாயம். அங்கிருந்து முடிவு வரை எழுதிவிட்டு, பிறகுதான் தொடக்கத்துக்கு வந்தார். மூன்றே மாதத்தில் நாவல் முடிந்துவிட்டது.

புத்தகத்தைப் படிக்கும்போதே இது தெரியும். எல்லாப் பாதையும் அந்தப் புல்வெளிக்குத்தான் போகிறது. ஜேம்ஸ் என்ற வில்லன் கடைசி மூன்றிலொரு பகுதியில்தான் தலைகாட்டுகிறான். சாகசக் கதை எதிர்பார்த்து வந்தவருக்கு இது பெரிய குறை. காதலுக்காக வந்தவருக்கு வில்லன் எப்போது வருகிறான் என்ற கவலையே இருக்காது.

பெல்லாவுக்கென்று ஒரு குணமே இல்லை, வெற்றுப் பாத்திரம் என்கிறார்களே?

ஒப்புக்கொள்ள மாட்டேன். அவளுக்குத் தன்னைப் பற்றி மிகத் தாழ்வான எண்ணம். கதை சொல்வதும் அவளே என்பதால் அந்த எண்ணத்தை நாம் உண்மை என்று எடுத்துக்கொள்கிறோம். அவள் செய்வதை மட்டும் கவனித்துப் பாருங்கள். பொறுப்பில்லாத அம்மாவைச் சிறுவயதிலிருந்தே பார்த்துக்கொண்டவள் இவள். ஃபோர்க்ஸுக்கு வந்ததும் வீட்டுச் சமையலைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறாள். முதல் நாவலின் முடிவில், எட்வர்டின் குடும்பத்தைச் சேர்ந்த, எதிர்காலத்தைப் பார்க்கக்கூடிய ஆலிஸும் பிறர் உணர்ச்சிகளையே மாற்றக்கூடிய ஜாஸ்பரும் காவல் இருக்க, அவர்கள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு விமான நிலையத்திலிருந்து தப்புகிறாள். அம்மாவைக் காப்பாற்றச் சாகத் துணிந்துதான் போகிறாள். இரண்டாம் நாவலில் எட்வர்டின் உயிரைக் காப்பாற்ற இத்தாலியின் வோல்டெர்ரா வரை ஓடுகிறாள்.

எனக்கு அவள்மேல் இருக்கும் வருத்தம் வேறு. எட்வர்ட் வந்த பிறகு அவளுக்கு வேறு எதன்மீதும் ஆசை இல்லாமல் போகிறது. படிப்பு, தோழிகள், எதிர்காலம் எல்லாம் மங்கிவிடுகின்றன. பள்ளித் தோழி ஆஞ்சலா நல்ல பெண். அவளோடு பெல்லாவுக்கு உண்மையான நட்பு வளர இடம் இருந்தும் மேயர் அதைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

இதோடு சொல்ல வேண்டிய இன்னொன்று, சார்லி. மகளோடு பேசத் தெரியாமல், அவள் வண்டிச் சக்கரங்களுக்கு விடியற்காலையில் பனிச்சங்கிலி மாட்டிவிட்டுப் போகும் அந்த அப்பாதான் தொடரிலேயே எனக்கு மிகவும் நெருக்கமானவர். அந்தச் சங்கிலியைப் பார்த்துவிட்டு பெல்லாவுக்குத் தொண்டை அடைக்கும் இடத்தை, மேயருக்கு எழுத வராது என்று சொல்பவர்களிடம் படிக்கக் கொடுப்பேன்.

எட்வர்ட் செய்வது காதலா, கட்டுப்பாடா?

எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இதுதான். முதலில் அவன் செய்வதைப் பட்டியலிட்டுவிடலாம். இருவரும் நெருங்கும் முன்பே, அவளுக்குத் தெரியாமல் இரவில் அவள் அறைக்குள் வந்து அவள் தூங்குவதைப் பார்க்கிறான். நியூ மூனில், அவள் நன்மைக்கு என்று தானே முடிவெடுத்து, இனி உன்மேல் விருப்பமில்லை என்று பொய் சொல்லிவிட்டுப் போகிறான். எக்லிப்ஸில், ஜேக்கப்பைப் பார்க்கப் போகக்கூடாது என்பதற்காக அவள் வண்டியின் இன்ஜினிலிருந்து ஒரு பாகத்தைக் கழற்றி வைத்துக்கொள்கிறான். தான் வேட்டைக்குப் போகும் நாட்களில் அவளைத் தங்கள் வீட்டிலேயே பிடித்து வைக்க, ஆலிஸுக்கு மஞ்சள் நிற போர்ஷே காரை லஞ்சமாகத் தருகிறான்.

நிஜ வாழ்க்கையில் ஒருவன் இப்படி நடந்தால், அவனை விட்டு விலகு என்றுதான் அந்தப் பெண்ணிடம் சொல்வேன். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. "கதைதானே" என்று ஒதுக்கவும் மனம் வரவில்லை. பதின்ம வயதில் படிக்கும் கதைகள்தான் காதல் எப்படி இருக்கும் என்ற முதல் படத்தை நமக்குத் தருகின்றன.

ஆனால் கட்டுப்பாடு என்ற ஒரு சொல்லோடு கணக்கை முடித்துவிட்டால் கதையில் பாதி விட்டுப்போகும். இருவருக்கும் இடையே நடக்கும் பெரிய சண்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பெல்லா தன்னைப்போல் ஆகக்கூடாது என்று எட்வர்ட் நான்கு நாவல்களாகப் போராடுகிறான், கடைசியில் அவள் ஆகிறாள். ஜேக்கப்பைப் பார்க்கக்கூடாது என்கிறான், பிறகு மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஓநாய்களின் எல்லைக்கோடு வரை அவனே வண்டியில் கொண்டுபோய் விடுகிறான். கருவைக் கலைக்க வேண்டும் என்கிறான். அவள் எட்வர்டின் குடும்பத்தில் ஒருத்தியான ரோசலியைத் துணைக்கு அழைத்து, குடும்பத்தையே எதிர்த்து நின்று பிள்ளையைப் பெற்றுக்கொள்கிறாள். அவன் கேட்டதில் அவள் விட்டுக்கொடுத்த பெரிய விஷயம், பதினெட்டு வயதில் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதித்தது ஒன்றுதான். தொடரின் போக்கைத் தீர்மானிப்பது பெல்லாவின் பிடிவாதம். அவளை விரும்பும் வாசகிகள் இதை உள்ளுக்குள் உணர்ந்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

குறை எங்கே என்றால், அவன் செய்யும் தவறுகள் தவறுகளாகவே கதைக்குள் நிற்பதில்லை. பெல்லா உடனே மன்னித்துவிடுகிறாள், சில இடங்களில் மகிழ்ந்தும் போகிறாள். இரவில் வந்து பார்த்தான் என்று தெரிந்ததும் அவளுடைய முதல் கவலை, தான் தூக்கத்தில் என்ன உளறினோம் என்பது. அங்கே ஒரு நிமிடம் அவள் பயந்திருந்தால், ஒரு வாரம் பேசாமல் இருந்திருந்தால், கதை இன்னும் வலுவாக இருந்திருக்கும். அந்தக் கோபத்தைப் புத்தகம் காட்டாததால் வாசகர்கள் காட்டுகிறார்கள். அது நியாயமான கோபம்.

ரத்தக்காட்டேரி வெயிலில் மின்னுவதா? இதெல்லாம் ரத்தக்காட்டேரிக் கதையா?

பலர் சிரிக்கும் விஷயம் இது, எனக்கோ இது மேயரின் நல்ல யோசனைகளில் ஒன்று. வெயில் பட்டால் ரத்தக்காட்டேரி செத்துவிடும் என்பதை ஆதிகாலத்து விதிபோல் பேசுகிறார்கள். 1897இல் வந்த பிராம் ஸ்டோக்கரின் டிராகுலாவில் அந்தப் பிரபு லண்டன் தெருவில் பகலிலேயே நடமாடுகிறார். பகலில் அவர் சக்தி குறையும், அவ்வளவுதான். சூரிய ஒளி கொல்லும் என்பதைப் பரப்பியது 1922இல் வந்த நோஸ்ஃபெராட்டு என்ற ஜெர்மன் மௌனப் படம். அதாவது, ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு வேண்டியபடி விதிகளை மாற்றித்தான் வந்திருக்கிறது.

மேயரின் விதி கதைக்கு வேலையும் செய்கிறது. வெயிலில் உடம்பு வைரம்போல் மின்னும், மனிதர்கள் பார்த்தால் ரகசியம் உடைந்துவிடும். அதனால் கல்லன் குடும்பத்துக்கு மேகம் மூடிய ஊர் வேண்டும். மேயர் அமெரிக்காவில் அதிக மழை பெய்யும் இடத்தை இணையத்தில் தேடித்தான் ஃபோர்க்ஸைக் கண்டுபிடித்தார். ஆண்டுக்கு நூறு அங்குலத்துக்கும் மேல் மழை பெய்கிற, மரம் வெட்டும் தொழிலால் வளர்ந்த ஊர் அது. தொடரின் ஈரமும் பச்சையும் மங்கலான வெளிச்சமும் அந்த ஒரு விதியிலிருந்து வந்தவை. நியூ மூனின் உச்சக்கட்டமும் அதேதான்: எட்வர்ட் சாக முடிவு செய்து, ரகசியத்தை உடைப்பவர்களைக் கொல்லும் வோல்டூரிகள் என்ற ஆளும் ரத்தக்காட்டேரிகளின் ஊரான வோல்டெர்ராவில் திருவிழாக் கூட்டத்தின் நடுவே, நண்பகல் வெயிலில் இறங்கப் போகிறான். மின்னாத ரத்தக்காட்டேரிக்கு அந்தக் காட்சியை எழுதவே முடியாது.

நியூ மூன் சலிப்பாக இருக்கிறது. தாண்டிப் போகலாமா?

தாண்ட வேண்டாம். எட்வர்ட் பெரும்பகுதியில் இல்லை என்பதால் பலர் இதை விரும்புவதில்லை. ஆனால் அவன் போன பிறகு அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று மாதப் பெயர் மட்டும் அச்சிட்டு மற்றபடி வெறுமையாக விட்ட பக்கங்கள் வருமே, அவை நான்கு நாவல்களிலும் மிகத் துணிச்சலானவை. பெல்லாவின் தலைக்குள்தான் இருக்கிறோம், அந்தத் தலைக்குள் இப்போது ஒன்றுமே இல்லை. பத்துப் பக்கம் புலம்பியிருந்தாலும் இந்த வலி வந்திருக்காது.

ஜேக்கப்போடு பழைய மோட்டார்சைக்கிள்களைப் பிரித்துக் கோர்க்கும் பகுதிதான் தொடரிலேயே ஆரோக்கியமான பகுதி என்றும் சொல்வேன். இரண்டு பேர் சேர்ந்து ஒரு வேலை செய்கிறார்கள், சிரிக்கிறார்கள், மெல்ல மெல்ல ஒருத்தி எழுந்து நிற்கிறாள்.

டீம் எட்வர்டா, டீம் ஜேக்கப்பா?

நியூ மூன் முடியும்வரை ஜேக்கப். எக்லிப்ஸில் அந்தக் கட்சியிலிருந்து விலகிவிட்டேன்.

காரணம் அந்த முத்தம். பெல்லாவுக்கு விருப்பமில்லை என்று தெரிந்தும் வலுக்கட்டாயமாக முத்தமிடுகிறான். அவள் ஓங்கிக் குத்துகிறாள், அவன் உடம்பு இரும்பு என்பதால் இவள் கைதான் உடைகிறது. வீட்டுக்கு வந்தால் சார்லி அவனைப் பாராட்டுகிறார். சார்லியின் மேல் எனக்குக் கோபம் வந்த ஒரே இடம் இது. பின்னால், சண்டைக்குப் போய்ச் செத்துவிடுவேன் என்று மிரட்டி, அவளாகவே முத்தம் கேட்கும்படியும் செய்கிறான். எட்வர்டைக் கட்டுப்படுத்துபவன் என்று திட்டிவிட்டு ஜேக்கப்புக்குக் கொடி பிடிப்பவர்கள் இந்த இரண்டு காட்சிகளையும் மறுபடி படிக்க வேண்டும்.

ஆனாலும் எக்லிப்ஸ்தான் நான்கில் சிறந்தது என்பேன். கூடாரத்தில் பெல்லா குளிரில் நடுங்க, எட்வர்டால் சூடு கொடுக்க முடியாமல், ஜேக்கப் அவளைச் சூடாக வைத்துக்கொள்ளும் இரவு, அப்போது அந்த இரண்டு பேரும் முதன்முறையாக மனம்விட்டுப் பேசிக்கொள்வது, ரோசலி தன் பழைய வாழ்க்கையைச் சொல்லும் அத்தியாயம், ஜாஸ்பரின் போர்க்கால வரலாறு. பெல்லா அல்லாத மற்றவர்களின் குரல் அதிகமாகக் கேட்பதால்தான் இந்தப் புத்தகம் விரிந்து நிற்கிறது.

பிரேக்கிங் டானைப் படித்துவிட்டுப் பலர் ஏன் அவ்வளவு கோபப்பட்டார்கள்?

2008 ஆகஸ்ட் 2ஆம் தேதி வெளிவந்த அன்றே அமெரிக்காவில் 13 லட்சம் பிரதிகள் விற்ற புத்தகம் அது. எதிர்பார்ப்பு அந்த அளவுக்கு இருந்தது. ஏமாற்றத்துக்கு இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்றை ஏற்கிறேன், மற்றதை ஏற்கவில்லை.

ஏற்பது இம்ப்ரிண்டிங் பற்றியது. ஓநாய் மனிதர்களுக்கு ஒருவரைப் பார்த்த மாத்திரத்தில் வாழ்நாள் முழுவதற்குமான பிணைப்பு உண்டாகிவிடும். அதில் அவர்களுக்கு விருப்பமும் இல்லை, மறுப்பும் இல்லை. ஜேக்கப்புக்கு அது பெல்லாவின் கைக்குழந்தையோடு நேர்கிறது. இப்போதைக்கு அண்ணன்போல், பிறகு நண்பன்போல், வளர்ந்த பிறகு அவள் விருப்பம் என்று கதை சமாதானம் சொல்கிறது. எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. யாரோடு வாழப் போகிறாள் என்று பிறந்த அன்றே எழுதப்பட்டுவிட்ட பெண்ணுக்கு விருப்பம் என்று என்ன மிச்சம் இருக்கும்?

இன்னும் வருத்தம் தருவது, மேயருக்கு இந்தக் கொடுமை தெரியும் என்பதுதான். லியா என்ற பெண்ணைப் படைத்திருக்கிறார். அவள் காதலன் சாம், அவளுடைய நெருங்கிய உறவுப்பெண் எமிலியோடு இப்படிப் பிணைக்கப்பட்டு லியாவை விட்டுப் போகிறான். யார்மீதும் குற்றம் சொல்ல முடியாத அந்தத் துயரத்தை லியா தினமும் விழுங்குகிறாள். அவள் மனக்கசப்பில் நிற்கும் உண்மை, ஜேக்கப்பின் விஷயத்தில் காணாமல் போய்விடுகிறது. லியாவுக்கும் கடைசிவரை ஒரு நல்ல முடிவு கிடைக்கவில்லை.

ஏற்காத குறை, கடைசியில் போர் இல்லை என்பது. வோல்டூரிகள் படையோடு வருகிறார்கள், இரு தரப்பும் பனிவெளியில் எதிரெதிரே நிற்கின்றன, பேசுகின்றன, கலைந்து போகின்றன. ஆனால் ஆசிரியர் இதற்கு முன்பே குறிப்புக் கொடுத்திருக்கிறார். ஆலிஸ் வீட்டை விட்டுப் போகும்போது எழுதிவைக்கும் சீட்டு, பெல்லாவின் புத்தகம் ஒன்றிலிருந்து கிழித்த தாள். அந்தப் புத்தகம் ஷேக்ஸ்பியரின் வெனிஸ் நகர வணிகன். அந்த நாடகத்திலும் கத்தி தீட்டப்படுகிறது, சதை அறுக்கப்படப் போகிறது, கடைசியில் வாதத்தால் தடுக்கப்படுகிறது. தவிர, பெல்லாவின் சக்தி ஒரு கேடயம். பிறர் மனதைப் படிக்கக்கூடிய எட்வர்டால் முதல் நாளிலிருந்து அவள் மனதை மட்டும் படிக்க முடியாமல் போனதற்கும் அதுதான் காரணம். கேடயத்தைச் சக்தியாகப் பெற்றவளின் கதை போர் இல்லாமல் முடிவதில் எனக்குக் குறை தெரியவில்லை. திரைப்படத்தில் ஆலிஸ் காட்டும் காட்சியாக ஒரு பெரிய போரை நுழைத்தார்கள். திரைக்கு அது தேவைப்பட்டிருக்கலாம்.

மொழிநடை மோசம் என்கிறார்களே, உண்மையா?

பகுதி உண்மை. எட்வர்டின் அழகைப் பற்றிய வர்ணனை அளவுக்கு மீறியது. சலவைக்கல், பளிங்கு, பொன்னிறக் கண்கள் என்று சுற்றிச் சுற்றி வரும். ஒரு பக்கத்தில் சொல்ல வேண்டியதை மூன்று பக்கம் இழுப்பதும் உண்டு.

ஆனால் காத்திருப்பதை எழுதுவதில் மேயர் கெட்டிக்காரர். பள்ளி உணவுக்கூடத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது என்பதை வைத்தே பக்கம் திருப்ப வைக்கிறார். பிரேக்கிங் டானின் நடுப்பகுதியில் ஜேக்கப் கதை சொல்ல வரும்போது நடையே மாறிவிடுகிறது. வாக்கியங்கள் சுருங்குகின்றன, கிண்டல் வருகிறது, அத்தியாயத் தலைப்புகள்கூட நீளநீளமாகச் சிரிக்க வைக்கின்றன. ஆக, பெல்லாவின் மிகைப் பேச்சு ஓரளவுக்கு பெல்லாவினுடையதுதான். முதல்முறை காதலிக்கும் பதினேழு வயதுப் பெண் அளந்து பேசுவாளா?

கதையில் வரும் க்விலியூட் பழங்குடியினர் நிஜமானவர்களா?

நிஜமானவர்கள். வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில் லா புஷ் என்ற இடத்தில் வாழ்கிறார்கள். தங்கள் முன்னோர் ஓநாய்களிலிருந்து மனிதர்களாக மாற்றப்பட்டவர்கள் என்ற கதை அவர்கள் மரபில் உண்டு. நாவலில் வரும் மற்றவை, அதாவது ரத்தக்காட்டேரிகளோடு பகை, ஒப்பந்தம், இம்ப்ரிண்டிங் எல்லாம் மேயரின் கற்பனை.

வாசகர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன். வாழும் ஒரு சிறு சமூகத்தின் பெயரையும் புனிதக் கதையையும் எடுத்து, உலகம் முழுக்க விற்கும் நாவலில் கோபக்கார ஓநாய்களாகக் காட்டியாயிற்று. அவர்கள் பெயரில் நகைகளும் உடைகளும் விற்ற வியாபாரத்தில் அவர்களுக்குப் பங்கு கிடைக்கவில்லை. சியாட்டிலில் உள்ள பர்க் அருங்காட்சியகம் அந்த மக்களோடு சேர்ந்து, நாவல் சொல்வதையும் உண்மையையும் தனித்தனியே விளக்கும் இணையதளத்தையே உருவாக்க வேண்டியிருந்தது. அவர்களின் நிஜமான கவலை சுனாமி. பள்ளி உட்பட அவர்கள் ஊரின் பகுதி கடல்மட்டத்தை ஒட்டி இருந்தது. மேட்டு நிலத்துக்கு இடம்பெயர வழிசெய்து, ஒலிம்பிக் தேசியப் பூங்காவிலிருந்து சுமார் 785 ஏக்கரை அவர்களுக்குத் தரும் சட்டம் 2012இல் வந்தது. ஜேக்கப்பை நேசிக்கும் வாசகர்கள் அந்த மக்களைப் பற்றி அவர்களே சொல்வதையும் தேடிப் படித்தால் நல்லது.

மிட்நைட் சன், லைஃப் அண்ட் டெத் இரண்டும் தேவையா?

மிட்நைட் சன் தேவை. 2008இலேயே முற்றுப்பெறாத வரைவு இணையத்தில் கசிந்து, மேயர் மனம் வெறுத்து நிறுத்திவைத்தார். பன்னிரண்டு வருடம் கழித்துத்தான் முழு நாவல் வந்தது. பெல்லாவின் கண்ணில் குறையே இல்லாதவனாகத் தெரிந்த எட்வர்ட், தன் தலைக்குள் பதற்றமும் சுயவெறுப்பும் நிறைந்தவனாக இருக்கிறான். முதல் நாள் வகுப்பில், அவளைக் கொல்வதற்காக அங்கே இருக்கும் அத்தனை பிள்ளைகளையும் எப்படிக் கொல்வது என்று அவன் கணக்குப் போடுகிறான். பெல்லா நமக்குச் சொல்லாமல் விட்ட பயம் அங்கே இருக்கிறது. அவன் தப்பைத் தப்பு என்று அவனே சொல்கிறான். புத்தகம் தேவைக்கு மேல் நீளம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

லைஃப் அண்ட் டெத் 2015இல் பத்தாம் ஆண்டையொட்டி வந்தது. பெல்லா போ என்ற பையனாகவும் எட்வர்ட் ஈடித் என்ற பெண்ணாகவும் மாறுகிறார்கள். பெல்லா ஆபத்தில் சிக்கித் தவிப்பது அவள் பெண் என்பதால் அல்ல, மனிதப் பிறவி என்பதால் என்று காட்டுவதே நோக்கம். சோதனையாக நல்ல முயற்சி, நாவலாக ஒரு முறை படித்தால் போதும். முடிவு மட்டும் முழுக்க வேறு.

படம் பார்த்தால் போதாதா?

ஐந்து படங்கள், 2008 முதல் 2012 வரை. கேத்தரின் ஹார்ட்விக் இயக்கிய முதல் படத்தின் நீலம் படிந்த மழைநிறம் அழகு. ஆனால் கதை முழுக்க பெல்லாவின் மனதில் நடப்பது. கேமராவுக்கு அது அகப்படுவது கடினம். படித்துவிட்டுப் பாருங்கள்.

எந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்?

முதல் மூன்று நாவல்களின் காதல் காட்சிகளில் முத்தத்துக்கு மேல் எதுவும் இல்லை. பிரேக்கிங் டானில் தேனிலவு மறைமுகமாக வருகிறது, பிரசவக் காட்சி மிகக் கொடூரமானது. அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிடும், அதிக எதிர்ப்புக்குள்ளான பத்துப் புத்தகங்களின் பட்டியலில் 2009, 2010 இரண்டு ஆண்டுகளும் இந்தத் தொடர் இருந்தது.

பறித்து வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பதின்மூன்று பதினான்கு வயதில் முதல் மூன்றைப் படிக்கட்டும், கடைசியைக் கொஞ்சம் பொறுத்துத் தரலாம். கூடவே நீங்களும் படியுங்கள். "அவன் இன்ஜினைக் கழற்றினானே, நீயாக இருந்தால் என்ன செய்வாய்" என்று கேளுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் நாம் நினைப்பதைவிடத் தெளிவாகப் பதில் சொல்கிறார்கள்.

முடித்துவிட்டேன். அடுத்து என்ன?

ரத்தக்காட்டேரியை ஒரு பெண் தன் குரலில் சொல்வது பிடித்திருந்தால், ஷெரிடன் லெ ஃபானுவின் கார்மில்லா. 1872இல் நூலாக வந்த குறுநாவல், டிராகுலாவுக்கும் இருபத்தைந்து வருடம் மூத்தது. தனிமையான கோட்டையில் வளரும் லாரா, தன்னிடம் அன்பைக் கொட்டும் விருந்தாளியைப் பற்றிச் சொல்கிறாள். ஈர்ப்பும் அருவருப்பும் ஒரே நேரத்தில் தோன்றியதை அவள் மறைக்காமல் சொல்கிறாள். பெல்லாவிடம் நான் தேடிய அந்தப் பயம் லாராவிடம் இருக்கிறது.

நகைச்சுவையும் துப்பறிதலும் வேண்டும் என்றால், சார்லெய்ன் ஹாரிஸின் சூக்கி ஸ்டாக்ஹவுஸ் தொடர். 2001இல் தொடங்கி 2013இல் முடிந்த 13 நாவல்கள், பெரியவர்களுக்கானவை. சூக்கியால் மனிதர்களின் மனதைப் படிக்க முடியும், அந்தச் சத்தத்திலேயே அவள் நொந்துபோயிருக்கிறாள். ரத்தக்காட்டேரிகளின் மனம் மட்டும் அவளுக்குக் கேட்பதில்லை. எட்வர்டுக்கும் பெல்லாவுக்கும் இருந்தது இங்கே தலைகீழாக நிற்கிறது. முதல் நாவலைப் படித்துப் பாருங்கள், பிடித்தால் மீதியும் காத்திருக்கிறது.